எண்ணெய் விட்ட மீட்டர்

ஷெட்டுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, இந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்றுதான். இத்தனை கொடுக்கிறது என்று அவர்களே சொல்லவும் செய்வார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் மீட்டர் சொன்னது என்பார்கள். மீட்டர் சரி என்று யார் சொன்னது என்று கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அதனால் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்பானர் பிடிக்க ஷெட்டில் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். எப்போது ஸ்பானரைத் தொடக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருடம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டையில் ஒரு ராவுத்தரிடம் நான் ஹெட் பிட்டர். மேஸ்திரி என்பார்கள். அவருக்கு நாலு லாரி. மூன்று வண்டிகள் திருச்சி, அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் என்று குறிப்பிட்ட பாதையில் ஓடின. அந்தத் தூரம் எல்லாருக்கும் தெரியும். நாலாவது வண்டிக்குப் பாதை கிடையாது. யார் கூப்பிட்டாலும் போகும். நெல் ஏற்றும், விறகு ஏற்றும், கடலை மூட்டை ஏற்றும், நார்த்தாமலையிலிருந்து ஜல்லி ஏற்றும். பாதி ஓட்டம் மண் பாதையில். அங்கே மைல்கல் ஏது. அந்த வண்டி எவ்வளவு ஓடியது என்பதற்கு மீட்டர் ஒன்றுதான் சாட்சி.

அதை ஓட்டியவன் கருப்பையா. என் வயதுதான். பேச்சு குறைவு. ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடிப்பான்.

ராவுத்தர் மைலேஜ் பார்க்கிற முறை இதுதான். வாரக் கடைசியில் வண்டியைப் பங்க்கில் நிறுத்தி டேங்க்கை வாய்வரை நிரப்புவார். மீட்டரில் ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுப்பார். பன்னிரண்டு வந்தால் டிரைவரிடம் ஒன்றும் பேச மாட்டார். குறைந்தால் பேசுவார். முறையில் தப்பில்லை. நானும் இன்றைக்கு அதையேதான் சொல்வேன். அதே பங்க்கு, சமமான தரை, வாய்வரை டீசல். சரிவில் நிறுத்தி நிரப்பினால் டேங்க்கில் காற்று நின்றுகொண்டு ஏமாற்றும். அதெல்லாம் அவர் கவனமாகப் பார்ப்பார். டீசலை ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்பார். மைலை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான்.

அந்த வருடம் ஆடியிலிருந்து கருப்பையாவின் வண்டி குறைய ஆரம்பித்தது. பதினொன்றுக்கு வந்தது. பத்துக்கு வந்தது. அப்புறம் ஒன்பதுக்கும் கீழே போனது. நான் பம்ப்பைப் பார்த்தேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் குறை இல்லை. கரும்புகைகூட இல்லை.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம் பங்க்கில் கணக்குப் பார்த்தபோது நானும் நின்றேன். மற்ற கம்பெனி டிரைவர்களும் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"கருப்பையா, டீசல் எங்கிட்டு போகுது?" என்றார் ராவுத்தர்.

"வண்டிக்குத்தாங்க போகுது."

"வண்டிக்குப் போனா மைலு வரணும்ல. வழியில எவன் கெணத்து எஞ்சினுக்கு ஊத்திட்டு வார?"

அப்போதுதான் கிராமங்களில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். லாரியிலிருந்து டீசல் இறக்கிக் கொடுக்கிற டிரைவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மீட்டரைப் பாருங்க" என்றான் கருப்பையா.

"மீட்டரு திருடுமா?"

"அது தெரியாதுங்க. நான் திருடல."

ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, மீட்டர் சரியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹெட் பிட்டர் என்றால் பதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். நான் மீட்டரைச் சோதித்ததே இல்லை. சரி என்று சொன்னால் கருப்பையாவின் வேலை அங்கேயே போய்விடும். சரியில்லை என்றால் அவனுக்காகப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். அவன் எடுத்தானா இல்லையா என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது.

"தெரியாதுங்க. மைல்கல்ல வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

ராவுத்தர் கொஞ்சம் யோசித்தார். கோபக்காரர், ஆனால் சோதனை வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. "பூசை முடியட்டும். நானே ஏறி வந்து பாக்குறேன். மீட்டர் சரின்னா இவனுக்கு என் வண்டி கெடையாது. வேற எவனும் குடுக்குறானான்னு பாக்குறேன்" என்றார்.

அவர் சொன்னால் நடக்கும். திருச்சியிலிருந்து அறந்தாங்கிவரை எல்லா லாரிக்காரர்களும் அவருக்குப் பழக்கம். டீசல் விற்றவன் என்று பேர் வந்த டிரைவரை யாரும் ஸ்டீயரிங்கில் உட்கார வைக்க மாட்டார்கள்.

எங்கள் ஷெட்டில் பூசை நன்றாக நடக்கும். பொரி, கடலை, வெல்லம் எல்லாம் ராவுத்தர் வாங்கிக் கொடுத்துவிடுவார். சாமி கும்பிடும்போது வாசலில் நிற்பார். அப்புறம் துண்டில் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பூசைக்கு முன்னால் வண்டிகளைக் கழுவி, அசைகிற இடம் பூராவும் எண்ணெய் விடுவது வழக்கம். கதவுக் கீல், ஜாக்கி, கண்ணாடி துடைக்கிற கை, எதையும் விட மாட்டோம். ஸ்பானருக்கே எண்ணெய் தடவித்தான் சாமி முன்னால் அடுக்குவோம். அந்த வருடமும் அப்படியே செய்தோம். வைரவன் என்று ஒரு பிட்டர். சுறுசுறுப்பான ஆள். கருப்பையாவின் வண்டியில் மீட்டர் கேபிளை மேல் முனையில் கழற்றி, அதற்குள்ளும் எண்ணெய் விட்டு மாட்டினான்.

கேபிள் என்றால், கியர்பாக்ஸிலிருந்து குழாய்க்குள் சுற்றிக்கொண்டே மேலே வருகிற முறுக்குக் கம்பி. முள் அசைவதும் மைல் ஏறுவதும் அந்தக் கம்பி சுற்றுவதால்தான். வைரவன் எண்ணெய் விட்டதை நானும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பூசை வேலை செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

பூசை முடிந்த மறுநாள் காலையில் அன்னவாசல் ரோட்டில் கிளம்பினோம். கருப்பையா ஓட்டினான். ராவுத்தர் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மைல்கல்லையும் சத்தமாகப் படித்தார். நான் நடுவில் உட்கார்ந்து மீட்டரைப் படித்தேன். கல்லும் மீட்டரும் பிசகாமல் வந்தன.

"முள்ளு எப்புடி நிக்குது பாரு" என்றார் ராவுத்தர்.

கருப்பையா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "என்னைக்கும் ஆடும். இன்னைக்குத்தான் நிக்குது."

"நான் ஏறியிருக்கேன்ல. பயந்திருக்கும்."

அன்னவாசலில் வண்டியை நிறுத்தினோம். "கல்லும் சரி, மீட்டரும் சரி. இப்ப என்ன சொல்ற?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலைங்க."

திரும்பவும் அவன்தான் ஓட்டி வந்தான். ஷெட்டில் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டுச் சாவியை மேஜையில் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம்வரை அவன் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்குத்தான் நிற்கிறது என்றால், இன்றைக்கு என்ன புதிது? வண்டிக்குப் புதிதாக நடந்தது பூசை மட்டும்தான்.

வண்டிக்கு அடியில் படுத்து, கேபிளின் கீழ் முனையை இழுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி சதுரமாக இருக்க வேண்டும். அந்தச் சதுரம்தான் குழிக்குள் கவ்விக்கொண்டு சுற்றும். இது மூலை தேய்ந்து உருண்டிருந்தது. கம்பி காய்ந்து இறுகினால் நுனி குழிக்குள் வழுக்கும். வண்டி ஓடும், மைல் ஏறாது. எண்ணெய் விட்டால் கம்பி லேசாகச் சுற்றும், வழுக்காது.

ராவுத்தரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"தேஞ்சிருக்கு, சரி. காலையில கல்லுக்குக் கல்லு சரியாக் காட்டுச்சே."

"எண்ணெய் விட்டதால காட்டுச்சுங்க. எண்ணெயத் தொடச்சுட்டு ஓட்டுனா காட்டாது."

"நேத்து எண்ணெய் விட்டுச் சரி பண்ணுவீங்க. இன்னைக்குத் தொடச்சுக் கெடுப்பீங்க. இதுல எது நெசம்னு நான் எப்புடி நம்புறது?"

அவர் கேட்டது நியாயம். நான் துடைத்துக் காட்டினால் அது என் கைவேலை. கெடுக்கவும் எனக்குத் தெரியும் என்பதுதான் அதில் நிரூபணம் ஆகும். வைரவன் பக்கத்தில் நின்று, அலமாரியில் புதுக் கேபிள் இருக்கிறது, மாட்டிவிடலாமா என்றான். மாட்டினால் வண்டி சரியாகிவிடும். ஆனால் மைலேஜ் ஏறியது கேபிளாலா, கருப்பையா போனதாலா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தம்பிகளே, அன்றைக்குக் கை அரித்தது. தேய்ந்த சாமானைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி மாட்டுவது பிட்டருக்குக் கஷ்டம். மாட்டினேன்.

"மொதலாளி, இத யாரும் தொட வேண்டாம். ஒங்களுக்கு நம்பிக்கையான ஆளா ஒருத்தர வண்டியில போடுங்க. எண்ணெய் தானாக் காயட்டும். அப்ப மைலேஜ் கொறைஞ்சா கருப்பையா எடுக்கல. கொறையலைன்னா நீங்க சொன்னதுதான்."

"கொறையலைன்னா ஒன்னையும் சேத்து அனுப்பவா?"

"ஒங்க இஷ்டங்க."

அவர் தன் அக்கா மகன் சிக்கந்தரை வண்டியில் போட்டார். நல்ல பையன். இருபத்தைந்து வயதிருக்கும். டீசலில் கை வைக்கிற ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும்.

நான் நினைத்தது நடக்கவில்லை. நடக்க நாளாயிற்று. முதல் வாரம் பன்னிரண்டு வந்தது. அடுத்த வாரமும் பன்னிரண்டு. மழை பிடித்துக்கொண்டது. தூசி கிடையாது, கம்பி காயவில்லை. மாதம் போயும் குறையவில்லை. டிரைவர் மாறியதும் மைலேஜ் வந்துவிட்டது என்று பங்க்கில் எல்லாரும் பேசினார்கள். கருப்பையா எடுத்தது ருசுவாகிவிட்டது என்றார்கள். ஷெட்டில் என்னைப் பார்த்துக் காலையில் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார்கள். "என்ன மேஸ்திரி, எண்ணெய் காஞ்சுச்சா?" என்பதுதான் வணக்கம். வைரவன்கூடக் கேட்டான். ராவுத்தர் கேட்கவில்லை. வாரா வாரம் என்னைப் பங்க்குக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்க வைத்து வகுத்துக் காட்டுவார். அது கேட்பதைவிட மோசம்.

நானும் சந்தேகப்பட்டேன். தேய்ந்த நுனியை என் கண்ணாலேயே பார்த்திருந்தும் சந்தேகம் வந்தது. தேய்ந்த கேபிள் இருக்கிற வண்டியில் டிரைவர் டீசலும் விற்றிருக்கலாம் இல்லையா. இரண்டும் ஒன்றாக நடக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கருப்பையாவுக்கு எங்கும் வண்டி கிடைக்கவில்லை. நார்த்தாமலையில் கல் உடைக்கிற இடத்தில் ஜல்லி தூக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதைச் சொன்னது சிக்கந்தர்தான்.

"மேஸ்திரி, ஜல்லி ஏத்தப் போனா அவருதான் கூடையத் தூக்கிட்டு வாராரு. அவரு ஓட்டுன வண்டியில அவரே ஏத்துறாரு. நான் எறங்காம கேபின்லயே ஒக்காந்துக்கிறேன். மூஞ்சியப் பாக்க முடியல."

"ஏதாச்சும் சொல்றானா?"

"பின் டயர்ல காத்து கொறையுதுன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

தை முடிந்து மாசி வந்தது. ரோட்டில் தூசி கிளம்பியது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிக்கந்தர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை.

"மேஸ்திரி, ஒரு ஒதவி."

"சொல்லுங்க."

"போன வாரம் பதினொண்ணு வந்துச்சு. மாமா ஒண்ணும் சொல்லல. இந்த வாரம் அதுக்கும் கீழ வரும் போல. அந்தக் கேபிள்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுருங்களேன்."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "முள்ளு ஆடுதா?"

"ஆடுது. தூக்கித் தூக்கிப் போடுது."

"அத மாமாகிட்ட போய்ச் சொல்லுங்க."

"நம்புவாரா?"

"நீங்க அவரு அக்கா மகன்."

"அதுனாலதான் பயமா இருக்கு" என்றான். குரலைத் தாழ்த்தினான். "அவரு பொண்ண எனக்குக் குடுக்குறதாப் பேச்சு இருக்கு. டீசல் திருடனுக்குக் குடுப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய். விட்டால் யாருக்கும் தெரியாது. அவன் கல்யாணம் நடக்கும். ஷெட்டில் நான் பொய்யன் ஆவேன், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நார்த்தாமலையில் ஒருவன் கூடையை இறக்கவே முடியாது.

"விட மாட்டேன். நீங்களும் விடக் கூடாது" என்றேன். "இப்பவே போய்ச் சொல்லுங்க. கணக்குப் பாக்குறதுக்கு முன்னால நீங்களாச் சொன்னா ஒரு மாதிரி. பங்க்குல வச்சு அவரு கேட்டா வேற மாதிரி. கருப்பையாவக் கேட்டாரே, அப்புடி."

அவன் எழுந்து போனான். சோற்றுத் தூக்கு அங்கேயே இருந்தது.

சாயங்காலம் ராவுத்தர் வந்தார். பின்னால் சிக்கந்தர். ராவுத்தர் என்னிடம், "இவனும் கெணத்து எஞ்சினுக்கு ஊத்துறான் போல" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

"மாமா, முள்ளு ஆடுது மாமா" என்றான் சிக்கந்தர்.

"காலையில பாப்போம். அதுவரைக்கும் வண்டிய ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார். ஷெட் வாசலில் கட்டில் போடச் சொல்லி அவரே படுத்துக்கொண்டார்.

காலையில் அதே ரோடு. முன்பு தொடங்கிய கல்லிலிருந்தே தொடங்கினோம். சிக்கந்தர் ஓட்டினான். ராவுத்தர் கல்லைப் படித்தார். நான் மீட்டரைப் படித்தேன். முதல் கல்லில் சரியாக இருந்தது. இரண்டாவது கல்லிலும் சரி. சிக்கந்தருக்கு வியர்த்தது. எஞ்சின் சூடேறியதும் முள் துள்ள ஆரம்பித்தது. அடுத்த கல் போயும் மைல் சக்கரம் அசையவில்லை. அப்புறம் நகர்ந்தது. மறுபடி நின்றது. அன்னவாசல் போனபோது கல்லுக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

ராவுத்தர் கல் படிப்பதை நிறுத்தியிருந்தார்.

"திருப்பவா மாமா?" என்றான் சிக்கந்தர்.

"திருப்பாத. நார்த்தாமலைக்கு விடு."

கருப்பையா தலையில் சும்மாட்டோடு நின்றான். வண்டியைப் பார்த்ததும் லோடு ஏற்ற வந்திருக்கிறது என்று கூடையை எடுத்தான். ராவுத்தர் இறங்கி அவனிடம் போனார்.

"கருப்பையா, வண்டிய எடு."

"ஏத்திடுறேங்க. எத்தன யூனிட்டு?"

"ஏத்தச் சொல்லல. ஓட்டச் சொல்றேன். மீட்டர்தான் தப்பு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

கருப்பையா கூடையைக் கீழே வைத்தான். சும்மாட்டை அவிழ்த்துத் துண்டாக்கி முகத்தைத் துடைத்தான். என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"என்னையத் திருடன்னு இங்க வச்சுச் சொல்லலைங்களே" என்றான்.

ராவுத்தருக்கு முகம் சிவந்தது. இவனிடம் இவ்வளவு நீளமான பேச்சை அவர் கேட்டதில்லை. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரி. பங்க்குக்கே விடு" என்றார்.

பங்க்கில் அன்றைக்கும் வண்டிகள் நின்றன. ராவுத்தர் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இவன் டீசல் எடுக்கல. மீட்டர் மைலு காட்டல. நான் பேசுனது தப்பு." அவ்வளவுதான் சொன்னார். டீசல் ஊற்றுகிறவன் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றான். கருப்பையா, "சரிங்க, லோடு இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அன்றைக்குத்தான் புதுக் கேபிள் மாட்டினேன். அதன்பின் எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் வந்தது. மைலேஜ் குறைகிறது என்று டிரைவர் சொன்னால், முதலில் அந்த வண்டியை ஒருவரும் தொடாமல் அப்படியே மைல்கல் ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம். வழக்கமான லோடு, வழக்கமான டிரைவர், வழக்கமான அழுக்கு. கழுவுவது, எண்ணெய் விடுவது எல்லாம் அதற்கு அப்புறம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். டயர் மாற்றினாலும், கியர்பாக்ஸ் மாற்றினாலும் மறுபடி ஒரு தடவை கல்லோடு ஒத்துப் பாருங்கள். அதற்கு அரை நாள் போகும். போகட்டும்.

சிக்கந்தருக்கு அந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. கருப்பையா வண்டியில்தான் பந்தல் சாமான் போனது.

மைலேஜ் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. பேர் மட்டும் திரும்பி வரவில்லை. அவன் ஜல்லி தூக்கிய மாதங்களில் பங்க்கில் அவனுக்கு டீசல் கருப்பையா என்று வைத்துவிட்டார்கள். ஊரில் வேறு கருப்பையா டிரைவர்களும் இருந்ததால் அடையாளத்துக்கு அது வசதியாகப் போயிற்று. ராவுத்தர் வாய் திறந்து சொல்லியும் அது போகவில்லை. வைத்தவர்கள் காரணத்தை மறந்த பிறகும் அப்படியே கூப்பிட்டார்கள்.

ரோட்டில் மைல்கல்லை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த காலம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் என் முன்னால் அவனிடமே கேட்டார்.

"ஏண்ணே, ஒங்கள ஏன் டீசல் கருப்பையாங்கிறாங்க?"

கருப்பையா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அப்பல்லாம் பெட்ரோல் லாரிதான் நெறைய. நான் டீசல் வண்டி ஓட்டுனேன். அதான்" என்றான்.

அவன் மூடியை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.